பண்டா, பந்த்தா?

கூட்ட அறையின் வாசலில் கான் பாய் செருப்பைக் கழற்றிவிட்டார்.

செருப்பைக் கழற்றும் இடமே இல்லை அது. கம்பளம் விரித்த தரை, நீள மேஜை, வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், பல் கிட்டித்துப்போகும் அளவுக்கு ஏசி. நாங்கள் எல்லோரும் சைட் பூட்ஸோடுதான் உட்கார்ந்திருந்தோம். காய்ந்த சேறு அவரவர் நாற்காலிக்குக் கீழே உதிர்ந்து கிடந்தது. கான் பாய் மட்டும் வெறுங்காலோடு உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். நாற்காலியைக் காட்டினேன். தலையை ஆட்டினாரே தவிர உட்காரவில்லை.

கான் பாய் எங்கள் சைட்டில் பொக்லைன் ஓட்டுபவர். பெஷாவருக்கு அப்பால் ஏதோ ஒரு மலையூர்க்காரர், பட்டாணியர். மருதாணி போட்ட தாடி. அன்று அந்த அறையில் முடிவாக வேண்டியது ஒன்றுதான். அவருக்கு வேலை இருக்குமா, இல்லை விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

அந்த வாரத் தொடக்கத்தில் வெள்ளம் வந்து எங்கள் மண்கரை உடைந்து, லேபர் கேம்ப் மூழ்கியிருந்தது. கரையை வெட்டிவிடச் சொன்ன நேரத்தில் இவர் பொக்லைனை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார் என்பது குற்றச்சாட்டு.

"உங்களுக்கு என்ன உத்தரவு வந்தது?" என்று சேஃப்டி மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். ஃபோர்மேன் செல்வராஜ் அதை ஹிந்தியில் திருப்பிச் சொன்னான்.

கான் பாய் யோசிக்கவே இல்லை. "பந்த் போலா, ஸாப். பந்த் கியா."

நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். அவ்வளவுதான் அவருடைய வாக்குமூலம்.

செல்வராஜ் என் பக்கம் சாய்ந்தான். "நான் பந்த்னு சொல்லவே இல்லைங்க சார். கரையைத்தான், பண்டுன்னு சொன்னேன். சத்தியமாங்க." அவனுக்கும் தெரியும், கேட்டவர்மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டால் அடுத்து விரல் நீளப்போவது சொன்னவன் பக்கம்தான்.

எனக்கு அலுப்பாக இருந்தது. இத்தனை வருடம் தண்ணீரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் டனாவுக்கும் தனாவுக்கும் பஞ்சாயத்துப் பண்ண வந்து உட்கார்ந்திருக்கிறேனே என்று இருந்தது.

மழையில்லாத ஊரில் வெள்ள இஞ்சினியர்

"பாலைவனத்தில் வெள்ளத் தடுப்பு என்று வாராவாரம் எழுதுகிறீர்களே, காதில் பூச்சுற்றுகிறீர்களா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. திருச்சியில் என் கல்யாணப் பந்தியிலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு துபாய்ல என்ன உத்தியோகம்?"

"வெள்ளம் வராம பாத்துக்கறார்."

"அங்கதான் வெள்ளமே வராதே?"

"அதான் சொல்றேனே, அவர் பாத்துக்கறார்."

பதில் சொன்னவர் என் பெரியப்பா. பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது சிரிப்பு வந்தது.

நான் வேலை பார்க்கும் புஜைராவுக்கு மேற்கே இருப்பவை மொட்டைப் பாறை மலைகள். மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ள அங்கே மண்ணும் இல்லை, மரமும் இல்லை. ஓட்டுக் கூரையில் விழுந்த மழைபோல அத்தனையும் ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கிவிடும். அது இறங்கும் வறண்ட ஆற்றுக்கு வாதி என்று பெயர். வருடம் முழுக்க அதில் கல்லும் முள்மரமும் நாலு ஆடும்தான். ஆகவே ஜனங்கள் அதில் வண்டியை நிறுத்துவார்கள், அடுப்பு மூட்டிக் கோழி சுடுவார்கள், ஒர்க்‌ஷாப் போடுவார்கள், கேம்ப் கட்டுவார்கள். மழை பெய்தால் இங்கே யாரும் வெள்ளம் வந்தது என்று சொல்வதில்லை. லீவில் போன ஆள் திரும்பி வந்துவிட்டதுபோல, "வாதி வந்துடுச்சு" என்பார்கள்.

எங்கள் தொழிலில் நூறு வருட வெள்ளம் என்று ஒரு கணக்கு உண்டு. எந்த வருடத்திலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். ஒரு பெரிய அதிகாரி என்னிடம் கேட்டார்: "போன வருடம்தானே வந்தது? இனித் தொண்ணூற்றொன்பது வருடம் நிம்மதிதானே?" விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளம் வந்த மாதத்தில் எல்லோரும் "பெரிதாகக் கட்டு" என்பார்கள். அடுத்த இரண்டு குளிர்காலம் வறண்டு போனால் அதே ஆட்கள் "இவ்வளவு பெரிது எதற்கு?" என்பார்கள். மூன்று கண் வைத்து வரைந்த பாலம் கையெழுத்தாகி வரும்போது இரண்டு கண்ணாக இருக்கும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நம் ஊரில் கேட்பார்கள். அந்தச் சாணையும் முழத்தையும் அளந்து சொல்வதுதான் என் பிழைப்பு.

வீடு துபாய் கராமாவில், வேலை புஜைரா மலையில். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வார நாட்களில் சைட் ரூம், வெள்ளி மாலை கராமா. எப்போதாவது அங்கே நாலு தூறல் விழுந்தால் எங்கள் கட்டிடமே பால்கனிக்கு வந்து கைபேசியில் வீடியோ எடுக்கும். எல்லா வீட்டிலிருந்தும் வெங்காய பஜ்ஜி வாசனை வரும். நான் மட்டும் ரூமுக்குள் உட்கார்ந்து, திரையில் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"உங்களுக்கு மழையைப் பாத்தா சந்தோஷமே வராதா?" என்று என் மனைவி வசந்தி ஒருமுறை கேட்டாள்.

"வந்துட்டு இருந்துச்சு" என்றேன். அவள் பஜ்ஜித் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டாள்.

யாருக்கும் சொந்தமில்லாத மொழி

அந்த சைட்டில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளக் கால்வாய். தோண்டிய குழிக்குள் தண்ணீர் வராமல் இருக்க, வாதிக்குக் குறுக்கே சரளையும் மண்ணும் கொட்டித் தற்காலிகமாக ஒரு கரை போட்டிருந்தோம். இந்த மாதிரிக் கரையைத்தான் இஞ்சினியர்கள் நாங்கள் பண்ட் என்போம். கரைக்கு நேர் கீழே லேபர் கேம்ப். கிழக்குப் பக்கம் ஆளே இல்லாத சரளை வெளி. தாங்க முடியாத தண்ணீர் வந்தால் கரையின் கிழக்கு முனையை வெட்டிவிட வேண்டும். தண்ணீர் சரளை வெளியில் பரவிப் போய்விடும், குழியும் கேம்ப்பும் தப்பிக்கும். இதுதான் திட்டம்.

வாதியின் வாயில் கொண்டுபோய் கேம்ப் போடலாமா என்று கேட்காதீர்கள். நான் வரும்போதே அது அங்கே இருந்தது. இடம் மாற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "பார்க்கலாம், இன்ஷா அல்லா" என்றார்கள்.

செல்வராஜ் பெரம்பலூர்க்காரன். ஹிந்தியில் ஒரு எழுத்தும் தெரியாமல் வந்து இறங்கியவன், சில மாதங்களில் தனக்கென்று ஒரு ஹிந்தி செய்துகொண்டான். எந்த இங்கிலீஷ் வார்த்தையானாலும் பின்னால் ஒரு 'கரோ' போட்டுவிடுவது. லோட் கரோ. லெவல் கரோ. கிளீன் கரோ. சைட் முழுக்க அந்த ஹிந்தியில்தான் ஓடியது. என் ஹிந்தி அதைவிட மட்டம். கான் பாய்க்குத் தாய்மொழி பஷ்தோ. உருது அவருக்கும் வேலைக்கு வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டதுதான். ஆக, நான் தமிழில் சொல்வேன், செல்வராஜ் கரோ போடுவான், கான் பாய் பொக்லைன் கையை இறக்குவார்.

வார்த்தை விஷயத்தில் நான் கவனமான ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதற்குக் காரணம் உண்டு. முந்தைய சைட் ஒன்றில், "பண்டைக் கட் பண்ணுங்க" என்று போனில் சொன்னேன். நம் ஆட்கள் அதைக் 'கட்டு' என்று எடுத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் கரையை இன்னும் ஒரு ஆள் உயரம் கட்டி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து நான் 'கட்' என்று சொல்வதையே விட்டுவிட்டேன். 'வெட்டு' என்பேன். வெட்டில் குழப்பம் இல்லை.

அந்த வெட்டைச் செல்வராஜ் ஹிந்திக்கு மாற்றும்போது மறுபடி 'கட்' ஆக்குவான் என்பதை யோசிக்கவில்லை.

வாதி வந்துடுச்சு

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எங்கள் தலைக்குமேல் வெயில். மலைக்குப் பின்னால் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது. நான் மேற்குக் கரையில் ரோட்டோரம் நின்றேன். செல்வராஜ் எதிர்ப்பக்கம், குழியிலிருந்து ஆட்களையும் பம்புகளையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். கான் பாய் பண்டின் நடுவில் பொக்லைனோடு நின்று, தாழ்ந்த இடங்களுக்குச் சரளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் ஈரமண் வாசனை வந்தது. பிறகு சத்தம். வாதி வரும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்காது. கல் உருளும் சத்தம்தான் கேட்கும். மலைக்குள் யாரோ லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல இருக்கும். வளைவு திரும்பிப் பழுப்புத் தண்ணீர் நுரையோடு வந்தது, முள்மரங்களை வேரோடு முன்னால் தள்ளிக்கொண்டு.

வாக்கிடாக்கியை எடுத்தேன். "செல்வராஜ், கிழக்கு முனையை வெட்டச் சொல்லு. உடனே."

"சரிங்க சார்" என்றான். பிறகு அவன் கான் பாயிடம் கத்தியது எனக்கும் கேட்டது. பாதி காற்று, பாதி கரகரப்பு. "கான் பாய்! பண்ட்... கரோ! பண்ட்... கரோ!"

நடுவில் இருந்திருக்க வேண்டிய 'கட்'டைக் காற்று கொண்டுபோனதா, பதற்றத்தில் செல்வராஜ் விழுங்கினானா, எனக்குத் தெரியாது. அவன் சொன்னேன் என்கிறான். மிஞ்சியது 'பண்ட் கரோ'. இரைச்சலில் கான் பாய் காதில் விழுந்தது 'பந்த் கரோ'. நம் ஊரில் கடையடைப்புக்குச் சொல்கிறோமே, அதே பந்த். நிறுத்து.

பொக்லைனின் கை மெதுவாகத் தரையில் படிந்தது. புகை நின்றது. கான் பாய் இறங்கினார். கதவைப் பூட்டினார். சாவியைக் கமீஸ் பையில் போட்டுக்கொண்டு, தொழுகைக்குப் போகிறவர்போல அவசரமில்லாமல் செல்வராஜ் நின்ற பக்கம் நடந்து போனார். நான் எதிர்ப்பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

அவர் எதிர்க்கரையில் ஏறி நின்றுகொண்ட கொஞ்ச நேரத்தில் பண்டின் நடுப்பகுதி உள்வாங்கியது. பொக்லைன் முதலில் தலையைச் சாய்த்தது, பிறகு மொத்தமாகப் புரண்டது. அந்த இடத்தின் வழியாகவே வாதி கேம்ப்புக்குள் போனது.

மிதந்த பெட்டிகள்

உயிர்ச்சேதம் இல்லை. முக்கால்வாசிப் பேர் டியூட்டியில் இருந்தார்கள். ரூமில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஆனால் மறுநாள் காலை கேம்ப்புக்குப் போனபோது யாரும் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் பல மாதங்களுக்கு முன்பே அட்டைப்பெட்டி கட்ட ஆரம்பிப்பார்கள். கம்பளி, பால் பவுடர், சோப்பு, டார்ச் லைட், தைலம், பிள்ளைகளுக்கு ஜூஸ் பவுடர், சாக்லேட். பெட்டியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, மேலே மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்பார்கள். அன்றைக்கு அந்தப் பெட்டிகளெல்லாம் சரளைமேல் வெயிலில் கிடந்தன. பெயர்கள் கரைந்து ஒழுகியிருந்தன. தேங்கிய தண்ணீரில் ஜூஸ் பவுடர் கலந்து குட்டை குட்டையாக ஆரஞ்சு நிறம். இடம் முழுக்கத் தைல வாசனை.

அரியலூர்ப் பையன் ஒருவன் புலிப்படம் போட்ட கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தான். பிழியப் பிழியச் சேறுதான் வந்தது.

"தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கி வச்சதுங்க சார்" என்றான். பிறகு நிமிராமலே, "அந்தப் பட்டாணி உசுருக்குப் பயந்து ஓடிட்டான் சார். ஒரு வெட்டு வெட்டிட்டு ஓடியிருக்கலாம்ல?" என்றான்.

கான் பாய் பத்தடி தள்ளி நனைந்த மெத்தைகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ரூமும் அதே கேம்ப்தான். அவருடைய பெட்டியும் அதே சேற்றில்தான். அது யாருக்கும் நினைவில்லை. மெஸ்ஸில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை என்று சமையல்காரர் சொன்னார்.

அன்று உடைப்புக்குப் போய் நின்று பார்த்தேன். கான் பாய் என் உத்தரவை அப்படியே கேட்டிருந்தால், பொக்லைனைக் கரைமேலேயே ஓட்டிக் கிழக்கு முனைவரை கொண்டுபோயிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்திருப்பாரா? பலவிதமாகக் கணக்குப் போட்டேன். ஒரு கணக்கில் கேம்ப் தப்பித்தது. இன்னொரு கணக்கில் கேம்ப்பும் போய், கான் பாயும் போனார். இரண்டிலும் தப்பு இல்லை. கணினியை மூடிவிட்டேன்.

கதவைச் சாத்தும் வார்த்தை

மறுபடியும் கம்பளம் விரித்த அறைக்கு வருகிறேன்.

வெள்ளைப் பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தைகளையும் எழுதி, சொல்லிக் காட்டி, விளக்கினேன். இரண்டுக்கும் ஒரே வேர், நம் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டுபோய்ப் பொறியியல் புத்தகத்தில் போட்டுத் திருப்பித் தந்ததுதான் பண்ட் என்றெல்லாம் சொன்னேன். சேஃப்டி மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒன்று பொருள். மற்றது செயல். எப்படிக் குழம்பும்?" என்றார். பிறகு, "எனக்கு ஒரு பெயர் வேண்டும். சொன்னவரா, கேட்டவரா?" என்றார்.

செல்வராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே வருமுன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தான்: "நம்ம ஊரு ஆளுங்க சார் நானு. விட்றாதீங்க." கான் பாய்க்கு ஆங்கிலம் புரியாததால், பேசுகிறவர் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இதற்கா படித்தேன் என்று வெறுத்துப்போனது.

மேஜையின் தலைமாட்டில் புராஜெக்ட் டைரக்டர் ஹைதம் இருந்தார். ஜோர்டான்காரர். முடிவு அவர் கையில். அதுவரை பேனாவை உருட்டிக்கொண்டு சும்மாவே இருந்தார்.

தோல்வியோடு உட்காரப் போனவன், ஏதோ நினைவில், "என் மொழியிலும் இதே தொல்லை உண்டு" என்றேன்.

ஹைதம் நிமிர்ந்தார். "என்ன தொல்லை?"

"எங்கள் ஊரில் வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். அந்த அணை, நாம் கட்டுகிற அணை. 'விளக்கை அணை' என்றால் நிறுத்து என்று அர்த்தம். ஒரே வார்த்தை." கட்டிப் பிடிப்பதற்கும் அதேதான் என்பதைச் சொல்லவில்லை. இடம் அப்படி.

"அனே" என்று அவர் சொல்லிப் பார்த்தார். பேனா நின்றது. பிறகு சேஃப்டி மேனேஜர் பக்கம் திரும்பி, "அரபியில் அணைக்கு என்ன சொல்வோம் தெரியுமா? சத்" என்றார். "கதவைச் சாத்து என்பதற்கு? சித். என் அம்மா நாள் முழுக்க எங்களைப் பார்த்துக் கத்தியது அதுதான். சித்! சித்! காற்று அடிக்கும்போது கத்தினால் நானும் எந்திரத்தை நிறுத்தியிருப்பேன்."

வெள்ளம் வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேஜையைச் சுற்றி ஆளாளுக்கு சத், சித், அணை என்று சொல்லிப் பார்த்தார்கள். சேஃப்டி மேனேஜர்கூட ஒருமுறை முணுமுணுத்தார்.

"கலாஸ், முடிந்தது" என்றார் ஹைதம். "தப்பு வார்த்தைமேல். யாரும் போக வேண்டாம்."

கான் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் சிரிக்கிறார்கள்?" என்று செல்வராஜிடம் ஹிந்தியில் கேட்டார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து, வேலை போய்விட்டது என்று நினைத்துவிட்டார் மனிதர். நேராக வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் ஓடிப்போய் தோளைப் பிடித்து, என் உடைந்த ஹிந்தியில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி சைட்டில் யாரும் பண்ட் என்று சொல்லக்கூடாது, எம்பாங்க்மென்ட் என்றுதான் சொல்ல வேண்டுமாம். நம் ஆட்கள் வாயில் அது சில நாளில் 'பேங்க்' ஆனது. "பேங்க்ல தண்ணி கசியுதுங்க சார்" என்று செல்வராஜ் போனில் சொன்னபோது வசந்தி பக்கத்தில் இருந்தாள். எந்த பேங்க் என்று பதறிப்போய்க் கேட்டாள். பிறகு சத்தமில்லாமல் பண்ட்டே திரும்பி வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் எனக்கென்று நான் கேட்டு வாங்கியது ஒன்றுதான். கேம்ப்பை மாற்றும்வரை, மலைமேல் மேகம் தெரிகிற நாளெல்லாம் ஆட்கள் அனைவரையும் பஸ்ஸில் ஏற்றி மேட்டுக் கேம்ப்புக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஹைதம் தலையாட்டினார்.

இன்னொரு மழை

அடுத்த குளிர்காலம். கால்வாய் வேலை பாதியில் நின்றது. பட்ஜெட்டை மறுபடி பார்க்கிறார்களாம். பண்ட் மட்டும் அதே இடத்தில் மறுபடி எழுந்திருந்தது. கேம்ப்பும் அதே இடத்தில்தான்.

அன்று காலையிலேயே பஸ் வந்து ஆட்களைக் கொண்டுபோய்விட்டது. போகுமுன் அவரவர் பெட்டியை மேல்கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள். கான் பாய் புதுப் பொக்லைனில் பண்டின் நடுவில் நின்று சரளை போட்டுக்கொண்டிருந்தார். செல்வராஜ் எதிர்க்கரை. நான் அதே ரோட்டோரம்.

நான் எதிர்பார்த்ததற்கு முன்பே கல் உருளும் சத்தம் வந்துவிட்டது.

கிழக்கு முனையை வெட்டினால் எல்லாம் தப்பிக்கும். குழிக்குள் கம்பி கட்டி முடித்த அடித்தளம் இருந்தது. ரூம்களில் பெட்டிகள் இருந்தன. ஹைதம் முகம் நினைவுக்கு வந்தது. அரியலூர்ப் பையன் கம்பளியைப் பிழிந்ததும் நினைவுக்கு வந்தது. பண்டின் கீழ்ச்சரிவில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஈரம் தெரிந்த கரையெல்லாம் உடைந்துவிடுவதில்லை. எத்தனையோ கரைகள் ஊறியபடியே நின்று பார்த்திருக்கிறேன்.

வாக்கிடாக்கியை வாய்க்குக் கொண்டுபோனேன். செல்வராஜ் பெயரைச் சொல்லுமுன் அது கரகரத்தது.

"ஸாப்."

கான் பாய். இத்தனை காலத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை.

"ஸாப், பண்ட் யா பந்த்?"

ஒன்றுக்கு நாக்கை மடித்து, இன்னொன்றுக்குப் பல்லில் வைத்து, நடுவில் இடைவெளி விட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சொன்னார். டீ நேரத்தில் செல்வராஜும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ட, த என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வெட்டவா, நிறுத்தவா? அவர் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். பண்ட் என்று சொன்னால் போவார். ஒரு கேள்வி கேட்காமல் கரைமேல் ஊர்ந்து கிழக்கு முனைக்குப் போவார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"பந்த், கான் பாய்" என்றேன். "பந்த் கரோ."

"பக்கா?"

"பக்கா."

பொக்லைனின் கை தரையில் படிந்தது. புகை நின்றது. கதவைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். இந்த முறை எனக்கு நேராக, மேற்குக் கரை பக்கம் நடந்து வந்தார். அதே அவசரமில்லாத நடை. நான் கத்தவில்லை. கடைசி அடியை எடுத்து வைத்து ரோட்டில் ஏறும்வரை அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பண்ட் வெகுநேரம் நின்றது. நின்றுவிடுமோ, வீணாகத்தான் இறக்கிவிட்டேனோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. பிறகு நடுவில் உள்வாங்கியது. பொக்லைன் சாய்ந்து புரண்டது. குழி நிரம்பியது. கேம்ப் கதவுகளில் தண்ணீர் மோதுவது இங்கிருந்தே தெரிந்தது. நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கான் பாயும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தெறித்த தண்ணீரில் நனைந்திருந்த கமீஸின் நுனியைப் பிழிந்தார்.

போன் அடித்தது. ஹைதம். செய்தி எனக்கு முன்பே அவருக்குப் போயிருந்தது.

"நிறுத்தச் சொன்னது யார்?" குரலில் போன தடவையின் சிரிப்பு இல்லை.

"அனா" என்றேன். நான்தான்.

"ஆள்?" என்றார்.

"என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்."

"தய்யிப்" என்றார். சரி. வேறெதுவும் கேட்காமல் வைத்துவிட்டார். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

'அனா' மட்டும் கான் பாய்க்குப் புரிந்திருந்தது. வளைகுடாவில் எல்லோருக்கும் புரிகிற வார்த்தை அது. பையில் கைவிட்டு, தண்ணீருக்கடியில் கிடக்கும் பொக்லைனின் சாவியை எடுத்தார். ஒரு கணம் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

சாவி இன்னும் சூடாக இருந்தது.